வால் பிடித்தவர்கள்

சிம்பாங் அம்பாட்
ஜூன் 1993

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளைக்கார ராஜா செத்துப்போய்த் தோட்டத்தில் அரை நாள் வேலையை நிறுத்திய வருஷம் அது. அந்த வருஷம்தான் எங்கள் திடலில் ஒரு விமானம் இறங்கியது. பறக்கப் பழகுகிறவர்களுக்கான சின்ன விமானம், இறக்கையெல்லாம் துணி. வழி தவறி வந்த துரை திரும்பிப் போக வேண்டும். விமானத்துக்கு பிரேக் கிடையாது. இன்ஜின் வேகம் பிடிக்கும்வரை வாலைப் பிடிக்க ஆள் கேட்டான். நானும் உன் பெரியப்பா காளிமுத்துவும் பிடித்தோம்.

"நான் விடுன்னு சொல்றவரைக்கும் எவனும் கையை எடுக்கக்கூடாது" என்றார் கங்காணி. அவர் சொல்லாமல் நாங்கள் மண்வெட்டியைக்கூடக் கீழே வைத்ததில்லை.

துரை கையை உயர்த்தினான். காற்று என்னைப் புரட்டித் தள்ளியது. அண்ணன் கங்காணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு பிடித்திருந்தார். கங்காணியோ வாயைப் பிளந்து விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்ருண்ணே" என்று கத்தினேன். இரைச்சலில் கேட்கவில்லை. அண்ணனின் கால் தரையை விட்டு எழும்பியது. ரப்பர் மரங்களுக்கு மேலே போனபோது கை நழுவியது.

போலீஸ் வந்தது. "கள்ளு போதையில தானாத் தொங்குனான் தொரை" என்றார் கங்காணி. அண்ணன் கள்ளைத் தொட்டதே இல்லை.

பேத்தி தேவமலரின் நிச்சயத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அம்மா. தட்டு மாற்ற ஏன் வர மாட்டேன் என்கிறேன் என்று கேட்டிருந்தாய். அதனால்தான் நூர்தீன் பாயை உட்கார வைத்து இதை எழுதச் சொன்னேன். அன்று திடலில் நின்றவர்களில் என்னைத் தவிர ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். மாப்பிள்ளையின் தாத்தா, கங்காணி வீராசாமி.

உன் அப்பா