ஊசி ஏறிய விரல்

ஏப்ரல் 29, 2025, செவ்வாய்

இன்று பிற்பகல் ஆனந்தலட்சுமியின் இடது ஆட்காட்டி விரலில் தையல் மெஷின் ஊசி ஏறிவிட்டது. நகத்தின் ஓரமாக ஏறி, உடையாமல் வெளியே வந்தது. நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஒரு டிடி ஊசி, சின்னதாக ஒரு கட்டு, அவ்வளவுதான்.

என் துணிக்கடைக்கு மேலே மாடியில் பிள்ளைகளுக்கு இந்த அவதிக் க்ளாஸ், அதாவது கோடை விடுமுறை வகுப்பு, தொடங்கி மூன்று வருஷம். காலையில் தையல், மத்தியானம் சமையல், சமைத்ததை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. இதுவரை ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை. கால் மெஷினில்தான் உட்கார வைப்பேன், மோட்டார் மெஷினைத் தொட விடமாட்டேன். இன்றும் கால் மெஷின்தான். சாப்பிட்டபிறகு, காலையில் முடியாமல் மீந்த ஏப்ரனுக்குப் பாக்கெட் வைக்கும்போது அவள் பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள், கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அவளுடைய அப்பா கைலாசநாதன் சார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூட்டுறவு வங்கியில் வேலை, எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனின் செயலாளர். சத்தம் போடுவார் என்று பயந்தேன். "பிள்ளையளுன்னா அப்படித்தான் லிஜா, நீங்க வெப்ராளப்படாதீங்க" என்று என் பதற்றத்தைத் தணித்தார். நல்ல மனிதர்.

இன்றைய சமையல் நெத்தோலி மீன் பொரித்ததும் மரச்சீனிக் கிழங்கு அவித்ததும். ஆனந்தலட்சுமி வீட்டில் மீன், முட்டை ஒன்றும் கிடையாது, சைவம். அவளுக்குத் தனிச் சட்டியில் பயறு அவித்துத் தேங்காய் போட்டு வைத்துவிட்டுத்தான் கீழே கடைக்கு இறங்கினேன். இந்த விஷயத்தில் நான் கவனமாக்கும்.

ஏப்ரல் 30, புதன்

அவள் வரவில்லை. கை வலிக்கும்.

மே 1, வியாழன்

நல்ல மனிதர் என்று எழுதிய கையை என்ன செய்ய?

காலை அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ. மகளின் கட்டுப்போட்ட விரலைக் கைலாசநாதன் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறான். கீழே மலையாளத்தில் நீளமாக எழுதியிருக்கிறான். அமரவிளையில் ஒரு துணிக்கடையின் மாடியில் பாதுகாப்பே இல்லாமல் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறதாம், பழைய மெஷின்களாம், பெற்றோர்கள் யோசிக்க வேண்டுமாம். என் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. அமரவிளையில் மாடியில் க்ளாஸ் எடுக்கிற துணிக்கடை வேறு எத்தனை உண்டு? எல்லாருக்கும் தெரியும், சொன்னவன் மட்டும் சொல்லவில்லை. வக்கீல் புத்தி.

செவ்வாய்க்கிழமை "வெப்ராளப்படாதீங்க." வியாழக்கிழமை வீடியோ. நடுவில் என்ன நடந்தது?

மே 2, வெள்ளி

பாதிக்கு மேல் பிள்ளைகள் இல்லை. ஜோஸ்னாவின் அம்மா மட்டும் போன் செய்து, "எனக்கு பயமொண்ணும் இல்ல லிஜாச்சேச்சி, அவளுக்க அப்பாதான் சம்மதிக்கல்ல" என்றாள். மற்றவர்களுக்கு அந்த மரியாதையும் இல்லை.

அதைவிடப் பெரிய அடி மாலையில் விழுந்தது. நூற்றுக்கணக்கில் யூனிஃபார்ம் தைக்கிற ஒரு பள்ளியின் ஆர்டர் எனக்கு வருவதாகப் பேசி முடிந்திருந்தது. "அளவு எடுக்கப் பிள்ளையளுக்க பக்கத்துல உங்க ஆளு வரணும்லா, இப்பம் கொஞ்சம் பொறுக்கலாம்" என்று பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்து பிடிஏ ஆள் சொல்கிறார். ஊசி விரலில் ஏறினால் இஞ்ச் டேப்பும் குத்துமோ?

ஜூன் பிறந்தால் யூனிஃபார்ம் முடிந்துவிடும். என் வருஷமே மே மாதம்தான்.

மே 3, சனி

பக்கத்துச் செங்கல் ஊருக்குப் போனேன், கைலாசநாதன் வீட்டுக்கு. பிஜி கூட வருகிறேன் என்றாள். என்னிடம் துணி வெட்டுகிறவள், மாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவளும் அவள்தான். வேண்டாம் என்றேன். சண்டைக்குப் போகும்போது சாட்சியோடு போகக் கூடாது, எதிராளி இறங்கி வரமாட்டான்.

இறங்கி வரவும் இல்லை. கேட்டைத் திறக்காமலே பேசினான்.

"மெஷின் பழசு. எனக்க பிள்ளைய வெச்சா பரீட்ச பாக்குதீங்க?"

"ஆஸ்பத்திரியில நீங்க சொன்னது வேறயாக்கும் சார்."

"அது அன்னிக்கு."

"அன்னிக்கும் இன்னிக்கும் இடையில மெஷினுக்கு வயசு கூடிப்போச்சா?"

வீட்டுக்குள்ளே யாரோ சிரித்த மாதிரி இருந்தது. அவன் முகம் இன்னும் இறுகிவிட்டது.

"கண்டவங்க இடத்துல பிள்ளைய விட்டது எனக்க தப்பு. இனி இல்ல. நீங்க போலாம்."

கண்டவங்க.

இருபத்து மூன்று வயதில் நைட்டி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இதே வீட்டுக்கு வந்திருக்கிறேன். முன்பக்கம் வரக்கூடாது என்று சுற்றிப் போகச் சொல்லி, பின்னால் கிணற்றடியில் ஈரத்தில் விரிக்கச் சொன்னார்கள். விரித்தேன், விற்றேன். கோபம் வரவில்லை, அன்று எனக்கு வியாபாரம் நடந்ததே பெரிசு. இன்று வருகிறது. அன்றைக்குள்ளதும் சேர்த்து வருகிறது. கேட்டின் கம்பியைப் பிடித்து உலுக்கிவிட்டு வந்தேன். அதுக்குமேல என்ன செய்யட்டும்? ஏறிக் குதிக்கவா?

மே 4, ஞாயிறு

சர்ச் முடிந்து வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து எபின் சொன்னான், "அம்மா, அது வெரலுக்கு இல்ல. நெத்தோலிக்காக்கும்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "என்ன நெத்தோலி?"

"அவ தின்னா. செவ்வாக்கெழம. அவ அம்மைக்க போன்ல எனக்கு வாய்ஸ் போட்டிருந்தா. புதன்கிழம ராத்திரி சோறு திங்கும்பம், 'இந்தப் பொரியல் வேண்டாம், லிஜா ஆன்டி கடையில பொரிச்ச மாதிரி நெத்தோலி உண்டாக்கித் தா'ன்னு கேட்டாளாம். அவளுக்க அப்பா தட்ட எடுத்து முற்றத்துல எறிஞ்சிட்டாராம்."

"இத எதுக்குலே இவ்வளவு நாளு சொல்லாம இருந்த?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா. நீ நேத்து அழுதல்லா, அதான்."

நான் அழுததை இவன் எப்போது பார்த்தான்?

பிஜியைக் கூப்பிட்டுக் கேட்டேன். நெத்தோலித் தலை கிள்ள எல்லாப் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்ததும் ஆனந்தலட்சுமி தானும் கிள்ளுகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். பொரித்ததும் ஒன்று மட்டும் என்று கேட்டிருக்கிறாள். "நான் தடுத்தேன் அக்கா, சத்தியமாட்டு. ஒண்ணு தின்னா. பொறவு எபினுக்க தட்டுலயிருந்து எடுத்தா. பொறவு எனக்க தட்டுலயிருந்து." பயறு சட்டி தொடாமலே இருந்ததாம். சாயங்காலம் அதைத் தின்றது பிஜி.

"எங்கிட்ட சொல்ல உனக்கு வாயில்லியா?"

"பொறவு ஊசி ஏறிட்டுல்லா. அந்த வெப்ராளத்துல..."

திட்டினேன், கொஞ்சம் அதிகமாகவே. கடைசியில் போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினாள். ஸ்டேட்டஸ் போட எடுத்தது, போடவில்லை. ஆனந்தலட்சுமி இரண்டு கையிலும் நெத்தோலி வைத்துக்கொண்டு, வாய் நிறைய, கண்ணை மூடிச் சிரிக்கிறாள். அப்படி ஒரு சிரிப்பை அந்தப் பிள்ளையிடம் நான் பார்த்ததே இல்லை.

என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, அவள் போனில் அழிக்கச் சொன்னேன்.

மே 5, திங்கள்

எபினின் அப்பா இரண்டே வார்த்தையில் வழி சொல்லிவிட்டார். "படத்தப் போடு. ஒண்ணும் எழுதாண்டாம். வெரலப் பாத்தவங்க வாயையும் பாக்கட்டு."

அவர் சொல்வது சரி. ஒரு போட்டோ போதும். ஏன் இந்த மனுஷன் திடீரென்று விரலைப் பிடித்துக்கொண்டான் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். செயலாளர் சாருடைய மகள் மீன் தின்ற கதை சாயங்காலத்துக்குள் பாறசாலை தாண்டும். என் மெஷின் தப்பும், யூனிஃபார்ம் திரும்பி வரும்.

குரூப்பைத் திறந்து படத்தை எடுத்து வைத்துவிட்டேன். விரல் அனுப்பும் இடத்தில் இருந்தது.

போட முடியவில்லை.

அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது. இது வெளியே வந்தால் அவளுடைய சொந்தக்காரர்கள் விடுவார்களா? கோயிலில், கல்யாண வீட்டில், நாளை அவளுக்கே ஒரு கல்யாணப் பேச்சு வரும்போது, "அந்த மீன் தின்ன பிள்ளையா" என்று எவளாவது கேட்பாள். ஒரு வாய் ருசித்துத் தின்றதற்கு இவ்வளவா?

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால் அவனும் இதைக் கணக்குப் போட்டிருக்கிறான். உண்மையைச் சொல்ல அவனுக்கு வெட்கம், அதனால் விரலைக் காட்டினான். எனக்குத் தெரிந்தாலும் நான் சொல்லமாட்டேன் என்று வைத்திருக்கிறான். கண்டவள் என்று சொன்ன வாய்க்கு என்மேல் எவ்வளவு நம்பிக்கை பாரு. சவம்.

மே 6, செவ்வாய்

ஐந்து பிள்ளைகள்தான். இன்றும் மீன் நாள், க்ளாஸில் செவ்வாய்தோறும் மீன்தான். மேலே பிஜி பொரித்துக்கொண்டிருந்தபோது கடைக்குள் ஆனந்தவல்லி வந்து நின்றாள். ஆனந்தலட்சுமியின் அம்மா. வீட்டுக்கு வெளியே தனியாக நான் அவளைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

லைனிங் துணி வேண்டும் என்றாள். என்ன நிறம் என்று கேட்டால் தெரியவில்லை. ரோஸ் என்றாள், பிறகு மஞ்சள் என்றாள். துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்னிக்கு போட்டோ எடுத்தாங்கன்னு பிள்ள சொன்னா" என்றாள்.

"எடுத்தது உண்டு."

"யாருக்கும் காணிச்சீங்களா?"

இரண்டு நாளாக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தன. கிணற்றடியும் இருந்தது. ஆனால் நைட்டியை ஈரத்தில் விரிக்கச் சொன்னது இவள் இல்லையே, இவள் அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள்.

போனை எடுத்துப் படத்தை அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முன்னாலேயே அழித்தேன்.

"இத வெச்சு நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. ஆனா மெஷின்ல குத்தம்னு உங்க ஆளு சொன்னது பொய். அந்தப் பொய்யில எனக்க பொழப்பு போவுது. அத நான் விடமாட்டேன், கேட்டீங்களா?"

தலையாட்டினாள். லைனிங்கை வாங்காமல் வைத்துவிட்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். மேலேயிருந்து எண்ணெயும் கறிவேப்பிலையும் மணத்துக்கொண்டிருந்தது.

"அதுல என்னெல்லாம் போடுவீங்க அக்கா? வத்தமொளவு மட்டுமா?"

"மொளவு, மஞ்சள், உப்பு. கொஞ்சம் பெருஞ்சீரகம்."

"ம்" என்றாள். போய்விட்டாள்.

நான் அழித்ததைக் கேட்டு எபினின் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார். பிறகு, "உனக்கு வியாபாரம் தெரியாது" என்றார். அவருடைய பிக்கப் வண்டிக்கு முன்பணம் போட்டுக் கொடுத்தவளிடம்.

மே 7, புதன்

குரூப்பில் ஒரு பெண் குரல். கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிஜி என் கையைக் கிள்ளினாள். ஆனந்தவல்லி. இத்தனை வருஷத்தில் அந்தக் குரூப்பில் ஒரு பூப்படம்கூடப் போடாதவள். "எனக்க மகளுக்குக் கையில ஊசி ஏறினது அவ திரும்பிப் பாத்ததுனால. அவளே சொன்னா. மெஷின்ல குத்தம் இல்ல. லிஜாக்கா பாத்துதான் செய்யிதாங்க." அவ்வளவுதான். பின்னால் ஒரு கதவு சாத்தும் சத்தம்.

யாரும் பதில் போடவில்லை. வீடியோவும் அங்கேயேதான் இருக்கிறது. அந்த வீட்டில் இன்று என்ன நடந்திருக்குமோ. நினைக்கவே எனக்குப் பதறுகிறது, கோபத்தோடு சேர்ந்த பதற்றம்.

மே 8, வியாழன்

கடை திறந்து கொஞ்ச நேரத்தில் கைலாசநாதன் வந்தான். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவ பேசினது அவளுக்க பேச்சு. நான் ஒண்ணும் மாத்திச் சொல்லல்ல."

"அப்பம் எதுக்கு வந்தீங்க சார்?"

"பிள்ள ஒழுங்கா சாப்பிட மாட்டேங்குது. இங்க வரணும்னு ஒரே நிலையில நிக்குது. அம்மையும் அதுக்க கூடச் சேந்தாச்சு."

"நான் டாக்டர் இல்லியே. துணிக்கடையாக்கும்."

உள்ளே பிஜிக்குச் சிரிப்பு வந்து கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். அவன் பட்டன் டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த... செவ்வாய்க்கெழம சாப்பாடு. உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும். நான் கீழ இருந்தேன், பாக்கல்ல. பாத்திருந்தா உங்க வீட்டுல ஒரு வார்த்த சொல்லியிருப்பேன். அது எனக்க பக்கத்துக் கொறவுதான், ஒத்துக்கிடுதேன். நீங்க நேரா வந்து அதக் கேட்டிருந்தா தலகுனிஞ்சு நின்னிருப்பேன். மெஷின ஏன் சார் இழுத்தீங்க?"

அவன் ஒரு பட்டன் டப்பாவின் மூடியைத் திருகினான். நானே தொடர்ந்தேன்.

"அந்தச் சாப்பாட்டுப் பேச்சு இந்த வாசலத் தாண்டாது. அதுக்கு வெல ஒண்ணும் இல்ல. மெஷினுக்கு உண்டு. அதப் பேசுவோம்."

பேசினோம். மகள் வரட்டும், ஆனால் வீட்டிலிருந்து டிபன் கொண்டுவரட்டும் என்றான். முடியாது என்றேன். சமைத்த பிள்ளை கூட உட்கார்ந்து தின்னவேண்டும், தனியாக ஒரு பிள்ளையை மூலையில் உட்காரவைத்து நான் க்ளாஸ் நடத்தமாட்டேன், அவளுக்குச் சைவச் சட்டி எப்போதும் உண்டு. அப்படியானால் செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம் என்றான். சரி என்றேன், அதில் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அவனே கொஞ்சம் யோசித்துவிட்டு, செவ்வாய் விட்டால் வீட்டில் அன்றைக்குப் பூரா அழுகைதான், அம்மாவையும் கூட அனுப்புகிறேன், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றான்.

யாரைக் காவல் வைக்கிறான் என்று அவனுக்குத் தெரியவில்லை. நெத்தோலிக்கு என்னெல்லாம் போடுவீங்க என்று கேட்டுப் போனவள் அவள் என்று எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவில்லை. வாங்க வந்தவனிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று எந்தக் கடையிலும் இல்லை.

மன்னிப்பு என்ற வார்த்தை கடைசிவரை அவன் வாயில் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டு வாங்கினால் அது வாடகைச் சாமான். கோபம் தீரவில்லை, தீரும்போது தீரட்டும்.

முடிவானது இது. வீடியோவை இன்றைக்கே எடுக்கவேண்டும், எனக்கு முன்னால் நின்று எடுத்தான். அதே குரூப்பில் அவன் பெயரிலேயே மெஷினில் குற்றமில்லை என்று எழுதவேண்டும், எழுதினான், நான் இரண்டு இடம் திருத்தினேன். அதைப் பள்ளி பிடிஏ ஆளுக்கும் அவனே அனுப்பவேண்டும், அனுப்பினான். வராத நாட்களுக்கு ஃபீஸ் திருப்பிக் கொடுப்பதில்லை. திங்கள் முதல் ஆனந்தலட்சுமி வருவாள். செவ்வாய்க்கிழமைகளில் ஆனந்தவல்லியும் வந்து, சாப்பாடு முடியும்வரை மாடியில் இருப்பாள். அவளுக்கும் முழு ஃபீஸ், ஆயிரத்து இருநூறு ரூபாய், முன்கூட்டியே. தட்டுக்குத் தனியாகக் காசு இல்லை.