செம்பட்டைச் சவுரி

ஐப்பசி, ஞாயிறு இரவு

நாளைக்குக் கொழுந்தனுக்கு நிச்சயதார்த்தம். பிரசவத்துக்குப் பிறகு என் பின்னல் எலிவாலாகிவிட்டதால் சவுரி வாங்க மலையிலிருந்து இறங்கிப் போளூர் போனேன். கடைக்கார அக்கா என்னை வாசலுக்குக் கூட்டிவந்தார். "லைட்டுல எல்லா முடியும் கறுப்பாத்தான் தெரியும். வெளிய வெச்சுப் பாத்தாதான் கலரு ஒத்துப்போவுதான்னு தெரியும்."

எனக்குக் கறுப்பு பொருந்தியது. இடுப்பிலிருந்த பாப்பா ஒரு செம்பட்டைச் சவுரியைப் பிடித்து இழுத்தாள். அக்கா அதை அவள் தலையோடு வைத்துப் பார்த்தார். "தோ பாருங்க, அப்படியே மேட்ச் ஆவுது. இவளுக்கும் ஒண்ணு கட்டி வுடட்டா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்தபோது அவள் முடி கன்னங்கரேல் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து பாப்பாவின் முடியை மாமியாரிடம் காட்டினேன். "வெயில்ல வெளுத்திருக்கும். அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு இருக்க?"

மலையில் ஒரு மாதமாக மழை. பாப்பா வெயிலையே பார்க்கவில்லை.

மூத்தவன் முடி வெளுத்தபோதும் அத்தை இதையேதான் சொன்னார். அது சத்துக் குறைவின் அடையாளம் என்று டாக்டர் சொன்னபோது அவனுக்குப் பால்கூட உள்ளே இறங்கவில்லை. அதற்குமேல் எழுத வரவில்லை.

இப்போது ஒருமுறை எழுந்துபோய் பாப்பாவின் மூச்சைப் பார்த்துவிட்டு வந்தேன். காலை முதல் பஸ்ஸில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிறேன். நிச்சயதார்த்தம் நானில்லாமல் நடக்கட்டும். அத்தைக்குப் பஸ் ஏறிய பிறகு போன் செய்துகொள்ளலாம்.