உப்பில்லாத தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

பல் டாக்டர் இராஜரத்தினம் ஐயாவின் பாய்மரப் படகில் மறுபடியும் தண்ணீர். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பில்ஜ் குழியை நேற்றுத்தான் துடைத்தேன். இன்று நான்கு விரல்கடை. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"கடல் தண்ணியோ, வீரமுத்து?"

"உப்பே இல்லைங்கய்யா. டேங்க்ல இருந்துதான் ஒழுகுது."

கோலா பிலா தோட்டத்தில் டிராக்டர் பழுது பார்த்த காலத்திலிருந்து என் நாக்கு சொன்னது தப்பியதில்லை.

மார்ச் 6, வெள்ளி

குடிதண்ணீர் டேங்கைக் காலி செய்தேன். குழாய்களை மாற்றினேன். அரை மணி நேரம் எஞ்சினை ஓட்டிவிட்டுப் பார்த்தால் பழையபடி தண்ணீர். எங்கிருந்துதான் வருகிறது சனியன்?

மார்ச் 9, திங்கள்

மழைத் தண்ணீரோ என்று ஜன்னல், மேல்தளத் திருகாணி எல்லாவற்றுக்கும் சிலிக்கோன் பசை அடித்தேன். பயனில்லை. தலைகீழாகத் தொங்கித் தொங்கி விலா வலிக்கிறது. 18ஆம் தேதி ஐயாவும் அவர் மனைவி மீனலோசனி அம்மாவும் இதே படகில் லங்காவித் தீவுக்குக் கிளம்புகிறார்கள். கப்பல்கள் போகிற பாதையில் எஞ்சின் நின்றுவிட்டால்? ரெண்டு பேரும் வயசானவங்க.

வீட்டில் மனைவி புனிதா காரசாரமாக மீன் குழம்பு வைத்திருந்தாள். எப்படி என்றாள். நல்லாருக்கு என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12

இன்னும் தெரியவில்லை.

மார்ச் 14, சனி

ஐயா சொல்லிவிட்டார்: "திங்கட்கிழமைக்குள்ள கண்டுபிடிக்காட்டி வேற ஆளைப் பாக்கப்போறன். குறை நினைக்காதையும்."

நியாயம்தான். அவர் போனதும் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தெட்டு வயசுல இது தேவையா எனக்கு? தொழிலே மறந்துபோச்சா?

மார்ச் 15, ஞாயிறு

சாப்பாட்டில் மனம் இல்லை. தட்டைத் தள்ளிவிட்டுப் புனிதா மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அழுதுவிட்டாள்.

"உங்களுக்கு பிரஷர்னு ரெண்டு மாசமா உப்பே போடாம சமைக்கிறேன். ஒரு வார்த்தை குறை சொல்லல. எம்மேல எவ்ளோ பாசம்னு நெனச்சேன். இப்ப என்ன வந்துச்சு?"

உப்பே போடவில்லையா? எனக்குத் தெரியவே இல்லையே. அடுப்படிக்குப் போய் உப்பை அள்ளி வாயில் போட்டேன். மணலை மென்றது போல இருந்தது.

ஐயோ. அப்போ அந்தத் தண்ணி?

மார்ச் 16, திங்கள்

விடிந்ததும் புனிதாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு படகுக்குப் போனேன். பில்ஜில் விரல் விட்டு நக்கியவள் துப்பினாள்.

"கரிக்குது. கடல் தண்ணிதான் லா இது."

கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கிற பம்ப். அதன் ரப்பர் குழாயில், கண் எட்டாத அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு. எஞ்சின் ஓடும்போது மட்டும் பீய்ச்சுகிறது. பதின்மூன்று நாள் நான் தேடியது அத்தனையும் வேறு இடம். குழாயை மாற்ற இருபது நிமிடம்.

ஐயாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பிரஷர் மாத்திரையாலயும் ருசி போகும். உம்மட டாக்டரிட்டக் கொண்டுபோய்க் காட்டும்" என்றார்.

மார்ச் 18, புதன்

கிளம்பிவிட்டார்கள். பில்ஜ் காய்ந்து கிடந்தது. மூன்று தரம் பார்த்தேன்.

ஏப்ரல் 11, சனி

மாத்திரை மாற்றி மூன்று வாரம் ஆகிறது. லங்காவியிலிருந்து ஐயா படம் அனுப்பியிருந்தார். மத்தியானம் ஒரு வாய் வைத்ததும், "என்ன புள்ள, கொழம்புல உப்பே இல்ல" என்றேன்.

புனிதா கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.