வளரி வீசும் இரும்புக்காரி

அண்ணே, இந்தத் தாளின் பின்பக்கத்தை யாருக்கும் காட்டாதே, கும்பிட்டுக் கேட்கிறேன். முன்பக்கம் அம்மா சொன்னது, அதை மட்டும் கூட இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டு.

மதுரை
9-1-1936, வியாழக்கிழமை

கொழும்பில் இருக்கும் மகன் வெள்ளைத்துரைக்கு உன் அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். விடுதியில் என் சமையல் வேலை எப்போதும் போலத்தான், பொங்கலுக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போனால் நாலு நாள் கை ஓயும். பாண்டியம்மா எட்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள், அவளை வாத்தியார் படிப்புக்கு அனுப்பலாம் என்று விடுதியை நடத்தும் துரைசானி அம்மா சொல்லியிருக்கிறார், அதை நினைத்தால் அடுப்படிப் புகை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நீ துறைமுகத்தில் ஈரத்தோடு நிற்காதே, இருமினால் மிளகு தட்டிப் போட்டுக் குடி, சம்பளத்தைக் கூட்டாளிகளை நம்பிக் கொடுத்து வைக்காதே. நம் வாசல் காவல்காரர் பேயாண்டிக்கு இன்று பொல்லாத நேரம், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழகர் உனக்குத் துணையிருக்கட்டும். சித்திரைக்கு வருவாயா என்று மறக்காமல் பதில் போடு.

உன்னைப் பெற்றவள் சின்னத்தாய், பெருவிரல் வைத்தது.

அண்ணே, அம்மா தூங்கிவிட்டாள். விளக்கின் திரியை இறக்கிவைத்து எழுதுகிறேன். பேயாண்டி மாமாவைத் திருடன் என்கிறார்கள், அவர் எதையும் எடுக்கவில்லை, எடுத்தது நான். கிறிஸ்துமஸுக்குச் சீமையிலிருந்து ஒரு பெட்டி வந்தது, பையன்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்வரை தையல் அறை அலமாரியில் இருந்தது. உள்ளே துளை போட்ட இரும்புப் பட்டைகள், சின்னச் சக்கரங்கள், பித்தளை மரையாணிகள், குட்டித் திருப்புளி ஒன்று. கூட வந்த படப் புத்தகத்தில் வண்டியும் பாலமும் பாரம் தூக்கும் எந்திரமும்தான் இருந்தன, ஆள் ஒன்றுகூட இல்லை. அந்த அறையைப் பெருக்குவது என் முறை. தினமும் நாலைந்து துண்டு பாவாடை மடிப்பில் வைத்து எடுத்துவந்தேன், ஒரு பெண்பிள்ளை பொம்மை செய்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தேன், சத்தியமாக அண்ணே.

முதலில் கணக்கு நோட்டின் கடைசித் தாளில் படம் போட்டுக்கொண்டேன். சக்கரம் முகம், வளைந்த பட்டை கொண்டை. முழங்கால்தான் ஐந்து நாள் வாங்கியது. மரையை இறுக்கினால் கால் மடங்கவில்லை, தளர்த்தினால் நிற்காமல் விழுந்தது. பிறகு இரண்டு மரையை ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிப் பூட்டினேன், காலும் மடங்கியது, ஆளும் நின்றாள். தோளில் சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டி, கையில் ஒரு வளைந்த துண்டை வளரியாக வைத்தேன். நம் ஊர் ஆட்கள் முயல் வேட்டைக்கு வீசுவார்களே, அதே போல. முதுகில் நூலை இழுத்து விட்டால் கை சுழன்று வளரி சுவர்வரை பறக்கும். முதல்முறை பறந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை அம்மா, நான் பொம்மையை ஒளித்துவைக்கும் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துச் சுத்தம் செய்யப் போனாள். பயந்துபோய் என் இரும்புக்காரியை மாமாவின் காவல் குடிசையில் சாக்குக்கு அடியில் ஒளித்துவைத்தேன், மாமாவிடம் சொல்லவில்லை. அங்கே யாரும் தேட மாட்டார்கள் என்று நினைத்தேன் அண்ணே, நம் சாதியில் பிறந்துவிட்டு இப்படி நினைத்திருக்கிறேனே. இன்று பெட்டியைத் திறந்து எண்ணினார்கள், துண்டுகள் குறைந்தன, வேறு எங்கும் பார்க்காமல் நேராக அங்கேதான் போனார்கள். கிளார்க் ஞானமுத்து அவளைக் காலைப் பிடித்துத் தூக்க, நூல் இழுபட்டு வளரி பறந்து அவர் கண்ணாடியில் பட்டது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் கொதித்துப்போய், பாருங்கம்மா வளரி, இது வேற எவனுக்கு நெனப்பு வரும், ரேகை வச்ச கை சும்மா இருக்குமா என்று கத்தினார். மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏய்யா, இம்புட்டு நேர்த்தியாச் செய்யத் தெரிஞ்சா நான் எதுக்குய்யா கம்ப ஊனிக்கிட்டு இங்க கெடக்கேன் என்றார். முழங்காலை மெல்ல மடக்கிப் பார்த்தார். பிறகு வரிசையில் நின்ற என்னைப் பார்த்தார். அப்படியானால் யார் என்று துரைசானி அம்மா கேட்டதற்கு, பிள்ளைக யாரும் தொட்டுருக்காதும்மா என்று மட்டும் சொன்னார். நான் முன்னால் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

மாமா குற்றப் பரம்பரைச் சட்டப்படி போலீஸில் கைரேகை பதிந்தவர், ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டியவர், துரைசானி அம்மா எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துத்தான் இங்கே காவல் இருந்தார் என்பது உனக்குத் தெரியும். அந்தச் சீட்டைச் சாயங்காலம் திரும்ப வாங்கிவிட்டார்கள். பத்து மணிக்குப் போலீஸ்காரர் வந்து கூட்டிப்போவார், போகும்போது மாமா வாசல் கேட்டின் சாவியை அம்மாவிடம் கொடுக்க இங்கே வருவார். ஸ்டேஷனில் திருட்டு வழக்கு எழுதிவிட்டால் பிறகு ஜெயில்தானாம். எடுத்தது நான் என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவன் உப்புக் கல்லக்கூடக் கேட்டுத்தான்டி எடுப்பான் என்று சொல்லிச் சொல்லி அழுதுவிட்டுப் படுத்தாள்.

நான் சொன்னால் அம்மாவுக்கு வேலை போகும், என் படிப்பும் போகும். பொட்டப்பிள்ளை இதைச் செய்தாளா என்று நம்பவும் மாட்டார்கள். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். இரும்புக்காரியை ஒரு மரை விடாமல் கழற்றிப் போடச் சொல்வேன், எல்லார் கண் முன்னாலும் மறுபடி பூட்டி நிற்கவைப்பேன். எங்களை வெளியே அனுப்பிவிட்டால் நீ அம்மாவைக் கோபித்துக் கடிதம் போடாதே, அவள் ஒரு பாவமும் அறியாதவள். என்னைத் திட்டு. திட்டி எழுதினாலும் பதில்

பூட்ஸ் சத்தம் கேட்கிறது. கதவைத் தட்டுகிறார்கள். அண்ணே, அம்மா முழிப்பதற்குள் நானே போய்