வாத்து நிற்கும் அரை நொடி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

குழந்தைகள் வண்ணக் கட்டங்களை அடுக்கிப் பொம்மைகளை ஆட்டிவைக்கும் சாஃப்ட்வேர் செய்கிறோம் என்றேனே, அதில் ஒரு வாத்து. அம்புக்குறி கீயை அழுத்திப் பிடித்தால் ஓரடி வைத்துவிட்டு, அரை நொடி மரம் மாதிரி நின்று, பிறகுதான் ஓடும். கோபத்தில் மூன்று கீபோர்டு மாற்றிப் பார்த்தேன். பக்கத்து இருக்கை அக்கா சிரித்துவிட்டார்.

"கீபோர்டு மேல தப்பில்ல தம்பி. நீ விரலை எடுத்துடுவியோன்னு அது கொஞ்சம் பொறுத்துப் பாக்குது. அது மறுபடி சொல்லட்டும்னு காத்திருக்காம, கீ இன்னும் அழுத்தியிருக்கான்னு உன் புரோகிராமே கேட்டுக்கிட்டே இருக்கணும்."

அப்படியே மாற்றி எழுதினேன். வாத்து பறக்காத குறையாக ஓடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனில் "நல்லா இருக்கியாம்மா?" என்றால் நீயும் "ம்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிற்பாய். அந்த இடைவெளியில்தான் நான் போனை வைத்துவிடுகிறேன்.

உன் தலையணை உறை ஒன்றை அனுப்பு, துவைக்க வேண்டாம், உன் வாசனை அதிலேயே இருக்கட்டும். மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ "ம்" என்று சொன்ன பிறகும் லைனிலேயே இருப்பேன்.

உன் மகன்