கண்ணாடிக்கு மேல் வைத்த விளக்கு

உமேயோ,
செவ்வாய்க்கிழமை

ஹென்னிங்,

நீ நலமா என்று கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. நம் மகள் தூவா நலம். அவள் வளர்க்கும் தாடி ஓணான் புல்லே நலமில்லை. போனில் சொன்னால் வழக்கம்போல் பாதியிலேயே வைத்துவிடுவாய் என்பதால்தான் கடிதம். முழுக்கப் படி.

ஞாயிறன்று உன் வீட்டிலிருந்து வந்த புல்லே இதுவரை ஒரு வெட்டுக்கிளியைக்கூடத் தொடவில்லை. முன்கால் நடுங்குகிறது. தாடை ரப்பர் மாதிரி வளைகிறது. இன்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். விளக்கு எப்படி மாட்டியிருக்கிறது என்றுதான் அவர் முதலில் கேட்டார். அப்பா வீட்டில் தொட்டியின் கண்ணாடி மூடிக்கு மேலே இருக்கிறது என்று தூவா சொன்னாள். கண்ணாடி வழியாக வெளிச்சம்தான் இறங்குமாம், எலும்புக்கு வேண்டிய கதிர் இறங்காதாம்.

இதையேதான் இலையுதிர் காலத்தில் நானும் உன்னிடம் சொன்னேன். வெளிச்சம்தான் வருகிறதே, அப்புறம் என்ன என்று கேட்டாய். சூடு தரும் பல்பை வேறு நட்டநடுவில் தொங்கவிட்டிருக்கிறாயாம். ஒரு மூலை நன்றாகச் சுட வேண்டும், மறு மூலை ஆறியிருக்க வேண்டும், அப்போதுதான் அது தனக்கு வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். பாலம் கட்டுகிற மனிதனுக்கு ஒரு பல்பை ஓரமாக மாட்டத் தெரியவில்லை!

அதோடு விட்டிருந்தால் உன்னைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இரண்டு வீட்டுக்கும் எப்படிக் கொண்டுபோகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஞாயிறுதோறும் ஐஸ் பெட்டியில், வெந்நீர்ப் பையோடு என்றேன். அவர் கோபப்படவே இல்லை. அதே சூடு, அதே வெளிச்சம், அதே கிளை இருந்தால்தான் இது பிழைக்கும், ஓர் இடம் பழகுவதற்குள் மூட்டை கட்டிவிடுகிறீர்கள், விளக்கைச் சரிசெய்தாலும் இப்படியே அலைக்கழித்தால் தாங்காது என்றார்.

பிரிந்தபோது எவ்வளவு நியாயமாகப் பங்கு போட்டோம் என்று எல்லோரும் மெச்சினார்களே. முள்கரண்டியைக்கூடச் சரிபாதியாகப் பிரித்தோம். புல்லேவை அறுக்க முடியாததால் உனக்கு ஒரு வாரம், எனக்கு ஒரு வாரம். தூவாவுக்கும் அதே கணக்குத்தான்.

திரும்பும்போது பெட்டியைத் தன் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். அழவில்லை. சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்:

"புல்லேக்கு ஒரே வீடு வேணும்னு அந்த டாக்டர் பாத்ததுமே சொல்லிட்டாரு. என்னையும் அவர்கிட்ட ஒரு தடவ காட்டேம்மா."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. உன் மேல் ஆத்திரம், என் மேல் அதைவிட ஆத்திரம்.

இதைச் சமாதானக் கடிதம் என்று எண்ணிக்கொள்ளாதே. உன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் புல்லே இனி இங்கேயே இருக்கட்டும். தூவாவும் இங்கேயே இருக்கட்டும். பெட்டி கட்டுகிறவர்கள் நாம் இருவராக இருப்போம். உன் வாரத்தில் நீ இங்கே வந்து தங்கு, நான் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன். போர்வையும் தலையணையும் உன்னுடையதையே எடுத்து வா. பனியிலும் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிற உன் பழக்கத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வா. வாரா வாரம் வீடு மாறுவது எப்படி இருக்கும் என்று நமக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

ஞாயிறு வரும்போது ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு வா. என் வீட்டு விளக்கும் உயரம் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிரிக்காதே.

முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதே, ஹென்னிங். அவள் வழக்கம்போல் பையை வாசலில் வைத்துவிட்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பையைப் பிரித்து நான் அவள் துணிகளை அலமாரியில் அடுக்கும்போது, நீ பக்கத்தில் இரு.

இல்வா