திங்கட்கிழமைத் துக்கம்

ஒக்டோபர் 6, திங்கள்
காலையிலிருந்து மழை. கொட்டாஞ்சேனைச் சந்தியில் கணுக்கால் வரை தண்ணீர். வாங்க: மெழுகுவர்த்தி, பாண், தலையிடிக் குளிசை.

செபமாலை மாதம். மாதா சொரூபம் வீடு வீடாகப் போகிறது. இப்போது ரீட்டா அக்கா வீட்டில் மூன்று நாள். அவருடைய கணவர் ஜோசப் அண்ணன் பாரிசவாதத்தில் படுத்திருப்பதால் கூடுதல் நாள்.

முன்செபம் வழக்கம்போல நான்: முதல் பாதியை நான் சொல்ல, மிச்சப் பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். பன்னிரண்டு வருடமாக. முன்பு செபமாலையின் முதல் மணியை உருட்டும்போதே நெஞ்சு நிறையும். இப்போது வாய் சொல்கிறது, மனம் வீட்டில் மீன் பொரிக்கிறது.

இன்று பெரிய பிழை. தியானிக்க ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வகைத் தேவ இரகசியம்; திங்கட்கிழமைக்குச் சந்தோஷம். நான் துக்கத்தில் தொடங்கிவிட்டேன். மூன்றாவது இரகசியத்தில், முள்முடி வந்தபோதுதான் உறைத்தது. பதினொரு பேர், ஒருவர்கூடத் திருத்தவில்லை. வெட்கம். பிளேன்ரீகூடக் குடிக்காமல் ஓடி வந்தேன்.

7, செவ்வாய்
மழை விட்டுவிட்டு. ஒஃபிஸில் பிரிண்டர் பழுது.

போன மாதம் பாதரிடம் சொன்னேன், செபிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை என்று. "உணர்ச்சி போனா போகட்டும், செபத்த விடாதீங்க" என்றார். எரிச்சல். அவருக்கு லேசு.

இன்று துக்க தேவ இரகசியத்துக்கு உரிய நாள். நான்தான் போகவில்லை. தலையிடி என்று ரீட்டா அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். பொய். முன்செபத்தை இந்த வருடத்தோடு விட்டுவிட வேண்டும். நம்பாமல் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மரியாதை.

8, புதன்
வெயில். உடுப்புத் தோய்த்தேன்.

பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் ஹோல்டில் ரீட்டா அக்கா. நேரே கேட்டேன், திங்கள் ஏன் திருத்தவில்லை என்று.

"பிழை எண்டு எல்லாருக்கும் தெரியும். இடையில நிப்பாட்டினா அவர் குழம்பிடுவார், ஸ்டெல்லா. தண்ணி எண்டு கேக்கக்கூட அவருக்கு வாய் வராது. நீ பாதி சொன்னா மிச்சப் பாதிய மட்டும் முழுசாச் சொல்றார்."

"நேற்று?"

"நான் தொடங்கினன். அவர் வாசலப் பாத்துக்கொண்டு கிடந்தார். ஒரு சொல்லும் வரேல்ல."

விடப்போவதாகச் சொல்ல வாய் எடுத்தேன். அழுகைதான் வந்தது.

மாலை போனேன். மகிமை தேவ இரகசியம், புதன்தானா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். உள்ளே வழக்கம்போல ஒன்றுமில்லை. "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினேன். என் பாதி முடிய, அறைக்குள்ளிருந்து மற்றப் பாதி. எல்லோரையும்விட உரத்து, ஒரு சொல் பிசகாமல். ஐம்பத்து மூன்று தரமும்.

சந்தோஷம் என்று எழுத மாட்டேன். ஆனால் இடையில் ஒரு தரமும் மீன் ஞாபகம் வரவில்லை.

நாளை சொரூபம் அடுத்த வீட்டுக்குப் போகிறது. ஜோசப் அண்ணனால் அங்கே போக முடியாது. அங்கே முடித்துவிட்டு, செபமாலையின் பத்து மணிகளையாவது இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன் என்று ரீட்டா அக்காவிடம் சொன்னேன்.

மழை வருமென்று கொண்டுபோன குடையை அங்கேயே விட்டுவிட்டேன். நாளை எடுக்கலாம்.